புது லைம் ஃபீடரைச் சோதித்து வாங்குவது எப்படி? பிஎச் ராத்திரி முழுக்க ஏறி இறங்குகிறது

மலையடிவாரம்:

வணக்கம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் ஒரு சின்ன குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஷிஃப்ட் பார்க்கிறேன். ஒரு நாளைக்கு 60 லட்சம் லிட்டர், அதாவது மணிக்கு 250 கன மீட்டர். ஓடைத் தண்ணீர்தான் மூலம். வெயில் காலத்தில் கண்ணாடி மாதிரி வரும், ஆனால் காரத்தன்மை, அதாவது அமிலத்தைத் தாங்கும் சக்தி, லிட்டருக்கு 18 மி.கி.யைத் தாண்டாது. மழை பிடித்துவிட்டால் செம்மண் நிறத்தில் இறங்கும். அப்போது கலங்கலைப் படிய வைக்கும் படிகாரத்தை 20 மி.கி.யிலிருந்து 45 மி.கி. வரைக்கும் ஏற்றியாக வேண்டும், ஏற்றினால் பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) விழுந்துவிடும். இத்தனை வருஷமாகத் தொட்டியில் சுண்ணாம்பைக் கரைத்து, வால்வைக் கையால் திறந்து மூடித்தான் சமாளித்தோம்.

போன மாதம் புது லைம் ஃபீடர், அதாவது சுண்ணாம்புத் தூளை அளவாகத் தள்ளும் மெஷின், வந்து இறங்கியது. மேலே தூள் கொட்டும் ஹாப்பர், அதன் அடியில் ஸ்க்ரூ, ஸ்க்ரூ தள்ளும் தூள் 200 லிட்டர் டிரம்மில் விழும். டிரம்மில் ஸ்டிரர் ஓடிக்கொண்டே இருக்கும், நிமிஷத்துக்கு 10 லிட்டர் தண்ணீர் விடுகிறோம். வழிந்து வரும் சுண்ணாம்புப் பால் 25 மி.மீ. குழாயில் 30 மீட்டர் போய் மூலத் தண்ணீரை வேகமாகக் கலக்கும் ஃப்ளாஷ் மிக்சரில் சேர்கிறது. மிக்சரை விட்டு வெளியே வரும் வாயிலேயே பிஎச்சை அளக்கும் ப்ரோப். அது காட்டுவதை வைத்து பேனலில் இருக்கும் கன்ட்ரோலர் ஸ்க்ரூ வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது. செட் பாயின்ட், அதாவது அது பிடித்து நிறுத்த வேண்டிய பிஎச், 7.2.

சப்ளையர் ஆள் வந்து சோதனை என்று செய்து காட்டியது இவ்வளவுதான்: ஹாப்பர் நிறையக் கொட்டி, 50 சதவீத வேகத்தில் ஒரு நிமிஷம் தட்டில் பிடித்து எடை போட்டார், 80 கிராம் வந்தது. அப்புறம் ஆட்டோவில் போட்டு, டிஸ்ப்ளேயில் 7.3 வந்ததும் "பாருங்கள் சார், பிடித்துவிட்டது" என்று தாளை நீட்டினார். பெரிய அலுவலர் ஊரில் இல்லாததால் கையெழுத்து ஆகவில்லை, அதுவும் நல்லதுக்குத்தான். அன்றைக்கு ராத்திரி நான் ஷிஃப்டில் இருந்தேன். பிஎச் 6.4க்கு இறங்கும், மெதுவாக ஏறி 9.1 வரை போகும், மறுபடி இறங்கும். முக்கால் மணிக்கு ஒரு சுற்று. மூன்று மணிக்கு வெறுத்துப்போய் மேனுவலில் போட்டேன்.

அடுத்த வாரம் மறுபடி வருகிறார்கள். இந்த முறை நாங்கள் சொல்கிற சோதனையைத்தான் செய்ய வேண்டும் என்று அலுவலரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். எதை எதைச் சோதிக்க வேண்டும் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். இந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்களில் என் வீட்டு ஆட்களும் உண்டு.

---

பழைய கெமிஸ்ட்:

தம்பி, முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஃபீடரைப் பிஎச் வைத்துச் சோதிக்காதீர்கள். ஃபீடரின் வேலை இத்தனை நிமிஷத்தில் இத்தனை கிராம் சுண்ணாம்பைத் தள்ளுவது. அதைத் தராசு சொல்லும். பிஎச் என்பது ஃபீடர், சுண்ணாம்பின் தரம், டிரம், குழாய், தண்ணீர், ப்ரோப், கன்ட்ரோலர் எல்லாம் சேர்ந்து காட்டுகிற கணக்கு. அதில் தப்பு வந்தால் யார் தப்பு என்றே தெரியாது. அவர் உங்களுக்குக் காட்டியது அந்தக் கூட்டுக் கணக்கின் ஒரே ஒரு நொடியை.

உங்களுக்கு எவ்வளவு சுண்ணாம்பு தேவை என்று பார்ப்போம். 1 மி.கி. படிகாரம் ஏறக்குறைய அரை மி.கி. காரத்தன்மையைத் தின்றுவிடும். 45 மி.கி. போட்டால் 22.5 போய்விடும், உங்களிடம் இருப்பதே 18. சுண்ணாம்பு நின்றுபோனால் காரத்தன்மை முழுக்கத் தீர்ந்து பிஎச் 5க்குக் கீழே போகும், கட்டியும் கட்டாது, வண்டல் அப்படியே ஃபில்டருக்கு வரும். 1 மி.கி. சுத்தமான நீற்றுச் சுண்ணாம்பு 1.35 மி.கி. காரத்தன்மையைத் திருப்பித் தரும். 22.5ஐ 1.35ஆல் வகுத்தால் 16.7, மூட்டையில் இருப்பது 88 சதவீதம் சுத்தம் என்று வைத்தால் 19 மி.கி. உங்கள் ஓட்டத்துக்கு மணிக்கு 4.75 கிலோ, நிமிஷத்துக்கு 79 கிராம். வெயில் காலத்தில் படிகாரம் 20 மி.கி. போதும் என்றால் இதே கணக்கில் 35 கிராம். ஆக இந்த மெஷின் 35லிருந்து 79 வரைக்கும், மேலே கொஞ்சம் கையிருப்போடு, ஒழுங்காகத் தள்ள வேண்டும். வேறு எந்த எண்ணும் உங்களுக்கு முக்கியமில்லை.

இப்போது எடைச் சோதனை. 20, 35, 50, 75, 100 சதவீதம் என்று ஐந்து வேகம். ஒவ்வொன்றிலும் ஒரு நிமிஷப் பிடி பத்து. ஒரு தடவை பிடித்தால் அதற்கு அர்த்தமே கிடையாது, பத்து பிடித்தால்தான் எந்த அளவுக்குச் சிதறுகிறது என்று தெரியும். கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு போதும், ஆனால் தட்டின் எடையைக் கழிக்க மறக்காதீர்கள், தூள் ஒட்டிக்கொண்டே வரும். பத்தின் சராசரியை வரைபடத் தாளில் வேகத்துக்கு எதிராகக் குறித்துக் கோடு போடுங்கள், கோடு எங்கே வளைகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கீழ்முனையில்தான் வளையும். 20 சதவீத வேகத்தில் ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு ஒரு முறை 'பொத்'தென்று கொட்டும், நடுவில் ஒன்றும் விழாது. அதையும் பத்து பத்து நொடிப் பிடியாகப் பிடித்துப் பாருங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் ஹாப்பரின் மட்டம். உங்களுடையது எடையைப் பார்க்கும் ஃபீடர் இல்லை, கன அளவைத் தள்ளுகிற ஃபீடர். சுண்ணாம்புத் தூளோ நேரத்துக்கு நேரம் தன் அடர்த்தியை மாற்றிக்கொள்ளும். இப்போதுதான் கொட்டியது காற்றோடு பொங்கி நிற்கும், ஒரு கன அடி 9 கிலோகூட இருக்காது. அடங்கி இறுகினால் அதே கன அடி 18 கிலோ வரைக்கும் போகும். ஸ்க்ரூ அதே சுற்றுதான் சுற்றுகிறது, விழும் எடை மட்டும் மாறுகிறது. மூட்டை கொட்டிய மறு நிமிஷம் தட்டைப் பிடியுங்கள், சில சமயம் சுண்ணாம்பு தண்ணீர் மாதிரி ஸ்க்ரூவையும் தாண்டி வழிந்து ஓடும். அதனால் ஹாப்பர் நிறைய, பாதி, கால், அப்புறம் மூட்டை கொட்டிய உடனே என்று நான்கு நிலையிலும் 50 சதவீதத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். அடங்கிய நிலையில் சராசரியிலிருந்து 5 சதவீதத்துக்குள் நின்றால் இந்த வகை மெஷினுக்கு நல்லது.

இன்னொன்று, மூட்டையையே சோதியுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவைத் திறந்து போட்டால் மேலே ஏடு படிகிறதே, காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு அதைக் கார்பனேட் ஆக்குகிறது. பழைய மூட்டையிலும் அதே வேலை நடக்கும். ஒரு சிட்டிகையில் நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விடுங்கள், நன்றாக நுரைத்தால் அந்த மூட்டையில் பாதி உயிர் போய்விட்டது. கணக்காகத் தெரிய வேண்டுமானால், ஒரு கிராம் தூளை, கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீரில் போட்டு, சர்க்கரைக் கரைசல் தாராளமாகச் சேர்த்து நன்றாகக் கலக்கி, ஃபீனால்ஃப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை இளஞ்சிவப்பு மறையும்வரை சொட்டுச் சொட்டாக விட்டு டைட்ரேட் செய்யுங்கள். சுண்ணாம்பு வெறும் தண்ணீரில் லிட்டருக்கு 1.6 கிராம்தான் கரையும், சர்க்கரை இருந்தால் முழுக்கக் கரைந்துவிடும், அதற்குத்தான் சர்க்கரை. செலவான மில்லி லிட்டரை 3.7ஆல் பெருக்கினால் சதவீதம் வந்துவிடும். நான் வேலையில் இருந்தவரை லாரி வந்து நின்றால் இதைச் செய்யாமல் இறக்க விட்டதில்லை.

---

பிளேட்டிங் பட்டறை:

சார் சொன்னதற்கு மேல் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் மழைக்காலத்தை மறந்துவிடாதீர்கள். நான் பார்ப்பது குடிநீர் இல்லை, எலக்ட்ரோபிளேட்டிங் கழிவு நீர். குரோமியத்தைப் பிஎச் 2, 3ல் வைத்து ஒடுக்கி, அப்புறம் சுண்ணாம்பு போட்டு 8.5க்குக் கொண்டுவந்து படிய வைக்க வேண்டும். அதனால் லைம் ஃபீடரோடுதான் தினமும் மல்லுக்கட்டு.

உங்கள் அமைப்பில் எனக்குப் பயமாக இருக்கும் இடம் ஸ்க்ரூவின் வாய். கீழே டிரம்மில் தண்ணீர் கலங்குகிறது, அந்த ஈரம் ஆவியாக மேலே ஏறி ஸ்க்ரூ வாயில் உட்காரும். முதலில் மெல்லிசாக வெள்ளைப் படலம், இரண்டு நாளில் விரல் கனம், ஒரு வாரத்தில் வாய் பாதி அடைத்துக்கொள்ளும். கையால் தொட்டால் வெண்ணெய் மாதிரி இருப்பது காய்ந்தால் சிமென்ட். எங்கள் பட்டறையில் புது ஃபீடர் போட்ட முதல் மழையில் ஸ்க்ரூ சுற்றிக்கொண்டே இருந்தது, பேனலில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, சுண்ணாம்பு மட்டும் ஒரு பொட்டு விழவில்லை. மோட்டார் ஓடுகிறது என்பதற்கும் சுண்ணாம்பு விழுகிறது என்பதற்கும் சம்பந்தமே இல்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அதற்கப்புறம் டிரம்முக்கு மூடி போட்டு ஒரு சின்ன எக்ஸாஸ்ட் ஃபேனைப் பக்கவாட்டில் வைத்தோம், ஈரம் அந்தப் பக்கமாகப் போய்விடுகிறது. எடைச் சோதனையை ஒரே நாளில் முடித்து அனுப்பாதீர்கள், தொடர்ந்து 72 மணி நேரம் ஓடவிட்டு, எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை தட்டைப் பிடித்து எழுதச் சொல்லுங்கள். முதல் நாள் 80, மூன்றாம் நாள் 65 என்றால் அங்கேயே பிடிபட்டுவிடும்.

ஹாப்பரை அதிரவைக்கும் வைப்ரேட்டரைப் பாருங்கள். ஸ்க்ரூ நிற்கும்போது வைப்ரேட்டர் மட்டும் அதிர்ந்துகொண்டிருந்தால் ஹாப்பர் அடியில் தூள் இறுகி இறுகிப் பாலம் கட்டிவிடும், அப்புறம் சுத்தியலால் தட்டினால்கூட இறங்காது. ஸ்க்ரூ ஓடும்போது மட்டும், அதுவும் விட்டு விட்டு, அதிர வேண்டும். டிரம்முக்குத் தண்ணீர் நின்றால் ஸ்க்ரூ தானாக நிற்கிறதா, மூலத் தண்ணீர் நின்றால் எல்லாம் நிற்கிறதா, இரண்டையும் வால்வை மூடிக் கண்ணால் பாருங்கள். வயரிங் படத்தில் இருக்கிறது என்று சொல்வார்கள், படத்தை நம்பாதீர்கள்.

குழாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. 25 மி.மீ. குழாயில் நிமிஷத்துக்கு 10 லிட்டர் என்றால் நொடிக்கு 35 சென்டிமீட்டர்கூட வேகம் வராது. சுண்ணாம்பு அடியில் உட்கார்ந்துவிடும். நொடிக்கு ஒரு மீட்டராவது ஓட வேண்டும். வளைவுகளில் எல்போ போடாமல், கழற்றி மிதித்து நசுக்கினால் செதில் உதிர்ந்துவிடுகிற மாதிரி ஹோஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

---

லூப் ட்யூனிங்:

முக்கால் மணிக்கு ஒரு சுற்று என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியில் பாதி விடை இருக்கிறது. நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் வேலை பார்க்கிறேன், பதினாறு வருஷமாகத் தண்ணீர் நிலையங்கள்தான்.

உங்கள் டிரம்மைப் பாருங்கள். 200 லிட்டர், உள்ளே வருவது நிமிஷத்துக்கு 10 லிட்டர். ஸ்க்ரூ இப்போது கூடுதலாகத் தள்ளினால் டிரம்மில் இருக்கும் பால் உடனே கெட்டியாகாது, பழைய மெலிந்த பாலோடு கலந்து கலந்து, முக்கால்வாசிகூட வேண்டாம், 63 சதவீதம் மாறுவதற்கே 20 நிமிஷம் ஆகும். அப்புறம் குழாயில் ஒன்றரை நிமிஷம், மிக்சரில் அரை நிமிஷம். கன்ட்ரோலருக்கு இது தெரியாது. பிஎச் ஏறவில்லையே என்று வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். 20 நிமிஷம் கழித்து எல்லாம் சேர்ந்து வந்து இறங்கும்போது 9ஐத் தாண்டியிருக்கும். உடனே ஸ்க்ரூவைக் குறைக்கும், அதுவும் தாமதமாகத்தான் தெரியும். கம்பெனியிலிருந்து வந்த இன்டெக்ரல் நேரத்தை (கன்ட்ரோலர் எவ்வளவு அவசரமாகத் திருத்திக்கொண்டே போகும் என்ற அமைப்பு) மாற்றாமலே ஓட்டியிருப்பார்கள், பேனலில் பாருங்கள், ஒரு நிமிஷம் அல்லது அதற்கும் கீழே இருக்கும்.

உங்கள் தண்ணீரில் இது இன்னும் மோசமாகத் தெரியும், ஏனென்றால் தாங்கும் சக்தியே இல்லாத தண்ணீர். காரத்தன்மை 200 இருக்கும் கிணற்றுத் தண்ணீரில் 4 மி.கி. சுண்ணாம்பு கூடினால் பிஎச் அவ்வளவாக அசையாது. உங்களுடையதில் அதே 4 மி.கி. 7.2ஐ 9க்கு மேலே தூக்கிவிடும்.

செய்ய வேண்டிய முதல் வேலை காசு செலவில்லாதது. டிரம்முக்கு விடும் தண்ணீரை 30 லிட்டர் ஆக்குங்கள். தாமதம் 20 நிமிஷத்திலிருந்து 7 நிமிஷத்துக்குக் கீழே வந்துவிடும். மேலே நண்பர் சொன்ன குழாய் வேகமும் நொடிக்கு ஒரு மீட்டர் ஆகிவிடும். இன்னொரு நன்மையும் இருக்கிறது: லிட்டருக்கு 1.6 கிராம்தான் கரையும் என்று சார் சொன்னார் இல்லையா, 10 லிட்டரில் 16 கிராம்தான் கரைந்தது, மீதி 60 கிராமுக்கு மேல் துகளாகவே மிக்சருக்குப் போனது. 30 லிட்டரில் 48 கிராம் வரை கரைந்தே போகும். துகளாகப் போகும் சுண்ணாம்பு ப்ரோப்பைத் தாண்டி, படிவுத் தொட்டி வரைக்கும் கரைந்துகொண்டே இருக்கும். ப்ரோப் 7.2 என்று சொல்லும், தெளிநீர்த் தொட்டியில் 7.8 இருக்கும். ஒரு நாள் இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் எடுத்துப் பாருங்கள்.

ப்ரோப்பை மிக்சர் வாயிலிருந்து கொஞ்சம் தள்ளி, மெதுவாகக் கலக்கிக் கட்டி கட்ட வைக்கும் ஃப்ளாக்குலேட்டரின் முதல் அறைக்கு மாற்றுங்கள். நான்கு நிமிஷம் தாமதம் கூடும், ஆனால் அது உண்மையான எண்ணைக் காட்டும். அதற்கும் மேலே தள்ளிக்கொண்டு போகாதீர்கள், கன்ட்ரோலருக்குக் கண் தெரியாமல் போய்விடும்.

அப்புறம் தள்ளிவிட்டுப் பார்க்கும் சோதனை. மேனுவலில் போட்டு, பிஎச் ஒரு இடத்தில் நிற்கும்வரை காத்திருந்து, ஸ்க்ரூவை 50லிருந்து 54க்கு மட்டும் ஏற்றுங்கள். அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை பிஎச்சைக் குறித்துக்கொண்டே வாருங்கள். எத்தனை நிமிஷம் ஒன்றும் அசையவில்லை, எத்தனை நிமிஷத்தில் மொத்த ஏற்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வந்தது, இந்த இரண்டு எண் போதும். இன்டெக்ரல் நேரத்தை இரண்டாவது எண்ணுக்குச் சமமாக வையுங்கள், கெய்னை, அதாவது எவ்வளவு பலமாகத் திருத்துவது என்பதை, பாதியாக்கி ஆரம்பியுங்கள், டெரிவேடிவ் என்ற மூன்றாவது அமைப்பு வேண்டவே வேண்டாம். அதே மாதிரி 54லிருந்து 46க்கு இறக்கியும் பாருங்கள். பிஎச் நேர்கோட்டில் போகிற அளவு இல்லை, மேலே போகும்போது ஒரு மாதிரியும் கீழே வரும்போது ஒரு மாதிரியும் நடக்கும். இரண்டில் எது துள்ளுகிறதோ அதற்கு ஏற்றபடி வையுங்கள்.

முடிந்தால் மூலத் தண்ணீரின் ஃப்ளோ மீட்டரையே ஸ்க்ரூவுக்கு எஜமானாக்குங்கள். ஓட்டத்துக்குத் தக்க கிராம், அதன் மேல் பிஎச் கன்ட்ரோலருக்கு 15 சதவீதம் கூட்டவோ குறைக்கவோ மட்டும் அனுமதி. ப்ரோப் பைத்தியம் பிடித்தாலும் ஊர்த் தண்ணீர் கெடாது. அதற்கும் சோதனை உண்டு: ஆட்டோவில் ஓடும்போது ப்ரோப்பைத் தூக்கி பிஎச் 4 பஃபரில் (பிஎச் மாறாத சோதனைக் கரைசல்) வையுங்கள். ஸ்க்ரூ 100க்கு ஓடினால் வாங்காதீர்கள். அலாரம் அடித்து, வேகம் அந்த 15 சதவீத வரம்பைத் தாண்டாமல் நிற்க வேண்டும். ப்ரோப் கேபிளைக் கழற்றியும் அதையே பாருங்கள்.

---

பழைய கெமிஸ்ட்:

லூப் ட்யூனிங் அம்மா சரியாகச் சொன்னார்கள், டிரம் என் கண்ணில் படவில்லை.

அலாரம் விஷயத்தில் நான் ஒன்று சேர்க்கிறேன். இங்கிலாந்தில் கார்ன்வால் பக்கம் கேமல்ஃபோர்ட் என்ற ஊருக்குத் தண்ணீர் கொடுக்கும் லோவர்மூர் நிலையத்தில் 1988 ஜூலையில் ஒரு லாரி டிரைவர் 20 டன் அலுமினியம் சல்ஃபேட்டைத் தப்பான தொட்டியில் இறக்கிவிட்டுப் போனார், சுமார் 20,000 பேர் வீட்டுக் குழாயில் அமிலத் தண்ணீர் போனது. பிஎச் விழுவது எப்போதும் ஃபீடரின் குற்றமாக இருக்காது. அதனால் கீழ் அலாரம் பேனலில் ஒரு சிவப்புப் பொட்டாக மட்டும் இருக்கக் கூடாது, படுத்திருக்கும் ஆளை எழுப்புகிற மணியாக இருக்க வேண்டும். மேல் அலாரமும் அதே அளவுக்கு முக்கியம். பிஎச் 7.5ல் குளோரினில் பாதி வேலை செய்யும் வடிவத்தில் இருக்கும், 8.5ல் பத்தில் ஒரு பங்குதான். நீங்கள் சொன்ன 9.1ல் குளோரின் மீட்டர் நல்ல எண்ணைக் காட்டிக்கொண்டே இருந்திருக்கும், கிருமி சரியாகச் சாகாது. குடிநீருக்கான இந்தியத் தரம் 6.5லிருந்து 8.5 என்று வைத்திருப்பது சும்மா இல்லை.

ப்ரோப்பில் சுண்ணாம்பு ஏடு படிந்தால் அது சோம்பேறி ஆகிவிடும். வாரம் ஒரு முறை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு நிமிஷம் முக்கிக் கழுவி, 7, 9.2 பஃபர்களில் சரிபார்த்து, நோட்டில் எழுதுங்கள்.

---

கரைக்கிறவன்:

மூட்டை கொட்டுகிற ஆளைப் பற்றி யாரும் எழுதவில்லையே. நான் எட்டு வருஷம் அந்த வேலைதான் செய்தேன். சோதனை நாளில் இருபது பேர் சுற்றி நிற்பார்கள், தட்டைப் பிடிப்பார்கள், தூள் பறக்கும், ஒருத்தர் கண்ணிலும் கண்ணாடி இருக்காது. எங்களோடு இருந்த ஒரு பையன் அடைத்த ஹோஸைக் கழற்றும்போது பால் முகத்தில் அடித்து வலது கண்ணில் போய்விட்டது. பக்கத்தில் குழாய் இல்லை, நாற்பது அடி ஓடினோம். சுண்ணாம்பு அமிலம் மாதிரி இல்லை, காரம், ஒட்டிக்கொண்டு உள்ளே அரித்துக்கொண்டே போகும். இமையைப் பிரித்துப் பிடித்து, இருபது நிமிஷம் விடாமல் தண்ணீர் விட வேண்டும், இமைக்கு அடியில் சிக்கின துகள் போகிறவரை. எலுமிச்சை, வினிகர் என்று எதையும் கண்ணில் விடக் கூடாது. அப்புறம் நேரே கண் டாக்டர். அந்தப் பையனுக்குப் பார்வை தப்பியது, ஆனால் இன்றைக்கும் வெயிலில் அந்தக் கண்ணைத் திறக்க மாட்டான். ஃபீடருக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாய், பக்கவாட்டும் மூடிய கண்ணாடி, முழுக்கை உறை. இது இல்லாமல் சோதனையை ஆரம்பிக்காதீர்கள் அண்ணா.

---

மலையடிவாரம்:

எல்லாருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து வருகிறேன், சோதனை முடிந்தது, விவரமாக எழுதுகிறேன்.

முதலில், மூட்டை கொட்டிய அண்ணன் சொன்ன தண்ணீர்க் குழாய். ஃபீடருக்கு ஆறடியில் ஒரு குழாய் இழுத்தோம், கண்ணாடி நான்கு வாங்கினோம். சப்ளையர் ஆளுக்கும் ஒன்று கொடுத்தோம், அவர் சந்தோஷமாகவே போட்டுக்கொண்டார்.

சர்க்கரைச் சோதனையில் புது மூட்டை 23.6 மி.லி. அமிலம் வாங்கியது, 87 சதவீதம். மூலையில் கிழிந்து கிடந்த பழைய மூட்டை 15.1, அதாவது 56 சதவீதம்தான். இதுவரை இரண்டையும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தோம்.

எடை, 50 சதவீத வேகத்தில்: அடங்கிய நிறை ஹாப்பரில் பத்துப் பிடியின் சராசரி 80, அவர் அன்றைக்குக் காட்டியது பொய் இல்லை. பாதியில் 77. கால் ஹாப்பரில் 69. மூட்டை கொட்டியவுடன் முதல் இரண்டு நிமிஷம் 118, 109, தட்டில் விழுந்த தூள் குவியாமல் பால் மாதிரி பரவி ஓடியது, பார்த்துக்கொண்டிருந்த எல்லாரும் ஒரு நிமிஷம் பேசவில்லை. பத்து நிமிஷத்தில் 72க்கு இறங்கி, ஒரு மணியில் மறுபடி 80. நாங்கள் காலையில் நான்கு மூட்டையை மொத்தமாகக் கொட்டிவிட்டு மறுநாள்வரை தொடாமல் இருந்தோம், அதனால் விடியற்காலை வரைக்கும் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. இப்போது ஐந்து மணி நேரத்துக்கு ஒரு மூட்டை, ஹாப்பர் பாதிக்குக் கீழே இறங்குவதற்கு முன்னால், மெதுவாகச் சரித்துக் கொட்டுகிறோம். கொட்டிய உடன் போகும் அந்த அதிகப்படியை டிரம் ஓரளவுக்கு வாங்கிக்கொள்கிறது.

டிரம் தண்ணீரை 30 லிட்டர் ஆக்கினோம். ப்ரோப்பை முதல் அறைக்கு மாற்றினோம். பேனலில் இன்டெக்ரல் நேரம் 40 நொடி என்று இருந்தது மேடம், நீங்கள் சொன்னது அப்படியே. தள்ளிவிட்டுப் பார்த்தபோது ஐந்து நிமிஷம் அசையவில்லை, அதற்கப்புறம் எட்டு நிமிஷத்தில் மூன்றில் இரண்டு பங்கு வந்தது. இன்டெக்ரலை எட்டு நிமிஷம் ஆக்கி, கெய்னைப் பாதியாக்கினோம். அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவே இல்லை, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். 7.0க்கும் 7.4க்கும் நடுவில்தான் இருந்தது. மூட்டை கொட்டியபோது மட்டும் ஒரு முறை 7.9 தொட்டுத் திரும்பியது. தெளிநீர்த் தொட்டியில் 7.5.

72 மணி ஓட்டத்தில் மூன்றாம் நாள் பிடி 71க்கு விழுந்தது. ஸ்க்ரூ வாயைத் திறந்தால் பட்டறை அண்ணன் சொன்ன அதே வெண்ணெய். டிரம்முக்கு மூடியும் ஃபேனும் போட்டுத் தருகிறோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். 4 பஃபர் சோதனையில் ஸ்க்ரூ 100க்கு ஓடிவிட்டது. ஃப்ளோ மீட்டரிலிருந்து கேபிள் இழுத்து, அந்த 15 சதவீதக் கட்டுப்பாட்டைப் போட்டபின் மறுபடி சோதிப்போம், அதுவரை கையெழுத்து இல்லை.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. வெயில் காலத்துக்கு 35 கிராம் வேண்டும் என்றீர்களே சார், 20 சதவீத வேகத்தில் பத்துப் பிடி 24லிருந்து 41 வரை சிதறுகிறது. என்ன செய்வது?

---

பழைய கெமிஸ்ட்:

ஸ்க்ரூ பெரிதாக இருக்கிறது தம்பி. இதற்கு ட்யூனிங் உதவாது. அதே ஹவுசிங்கில் பொருந்துகிற சின்ன ஸ்க்ரூ வைத்திருப்பார்கள், இரண்டையும் சேர்த்துத் தரச் சொல்லுங்கள். மழைக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று. 45 சதவீத வேகத்தில் 35 கிராம் வருகிற மாதிரி கேளுங்கள். மாற்றிப் போட எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் உங்கள் ஆட்களை விட்டே கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பத்துப் பிடியை மறுபடி பிடியுங்கள், எண்களை இங்கே போடுங்கள், நான் பார்க்கிறேன்.

---

மலையடிவாரம்:

சரி சார். வியாழக்கிழமை வருகிறார்கள். தராசும் தட்டும் தயாராக இருக்கிறது.